ஆறு மணி தாண்டி

பானை வனைவதை நின்று பார்க்கலாம். தறியில் நாடா ஓடுவதைப் பார்க்கலாம். தச்சர் இழைப்புளி தள்ளத் தள்ளச் சுருண்டு விழும் சீவலைப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு ஓடலாம். வெல்டிங்கை மட்டும் பார்க்கக் கூடாது என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். கிரில் பட்டறை வாசலைத் தாண்டும்போது அம்மா என் முகத்தைத் தன் இடுப்போடு சேர்த்து அமுக்கிக்கொள்வார். "பாக்காத, கண்ணு போயிரும்."

அம்மா சொன்னது சரிதான். ஆனால் அதனால் இந்தத் தொழிலுக்கு ரசிகர்களே இல்லாமல் போய்விட்டார்கள். ஊரார் காண்பது நீல வெளிச்சமும் பொறியும், எல்லாம் முடிந்தபின் பெயின்ட் பூசிய கம்பிக் கதவும்தான். நடுவே வெல்டிங் ராடு எரிந்த அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்தவர் ஒருவர்தான், அதைச் செய்தவர். அந்த நிமிடத்துக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். இரண்டு வருடம் அதைப் பழகினேன். பிறகு இருபது வருடத்துக்கு மேலாக, மற்றவர்கள் பற்றவைத்த இணைப்புகளின் எக்ஸ்ரே படங்களைப் படித்துத் தேறியதா இல்லையா என்று எழுதிக்கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். பார்த்துப் பார்த்து வந்த பிரியத்தில் இதை எழுதுகிறேன்.

வீணை செய்யக் கற்க வேண்டுமென்றால் தஞ்சாவூர். வெல்டிங் கற்க எங்கள் திருச்சி. திருவெறும்பூரில் 1965-இல் உயர் அழுத்த பாய்லர் தொழிற்சாலை வந்தது. ஊர்க்காரர்களுக்கு அது 'பெல்'. அதை நம்பி அரியமங்கலத்திலிருந்து துவாக்குடி வரை ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. 1975-இல் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் அங்கே அமைந்தது. தகட்டையும் குழாயையும் இணைத்தே பல குடும்பங்கள் தலையெடுத்தன. பையன் எட்டாவது முடித்திருந்தால் ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவில் ஒரு வருடம். அதன்பின் 1961-ஆம் வருடத்துச் சட்டப்படி ஏதாவதொரு நிறுவனத்தில் அப்ரண்டிஸ். அரசாங்கத் தாளில் அதற்குத் 'தொழில் பழகுநர்' என்று பெயர். யார் வைத்த பெயரோ, பொருத்தமான பெயர். படித்துத் தெரிந்துகொள்வது வேறு, பழகுவது வேறு. பக்கத்து வீட்டுக்காரரோடு பழகுவதுபோல, அதன் முன்கோபமும் பிடிவாதமும் தெரியும்வரை இரும்போடு பழக வேண்டியிருக்கிறது.

கறுப்புக் கண்ணாடியை இறக்கியதும் உலகம் அணைந்துவிடும். பத்தாம் நம்பர், பதினோராம் நம்பர் கண்ணாடிக்குள் நின்றால் உச்சிவெயிலில் எதிரே நிற்கும் ஆள்கூடத் தெரியமாட்டார். அந்த இருட்டில் ராடின் நுனியைத் தகட்டின்மேல் தீக்குச்சி உரசுவதுபோல் உரச வேண்டும். உரசிய மறுகணம் சற்றே தூக்க வேண்டும். தூக்கத் தவறினால் ராடு தகட்டோடு ஒட்டிக்கொண்டு, முழுநீளமும் சிவந்து பழுத்துவிடும். அதிகம் தூக்கினால், இடையில் பற்றிய மின்சுடர், ஆர்க், அணைந்துவிடும். இடைவெளி மூன்று மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ராடுக் கம்பியின் கனம். முதல் வாரம் முழுக்க ஒட்டுவதும் பிடுங்குவதுமாகவே போனது. பிறகு ஒருநாள் ஆர்க் நின்றது. அணையாமல், ஒட்டாமல், என் கைக்குக் கீழே நின்றது. அந்தக் கணத்தின் சந்தோஷம், சைக்கிளைப் பிடித்திருந்தவர் கையை எடுத்துவிட்ட பின்பும் விழாமல் போகிறோம் என்று தெரிகிற சந்தோஷம்.

ஆர்க் நின்றதும் எல்லோரும் செய்கிற பிழை, அந்த வெளிச்சத்தைப் பார்ப்பது. ஆறாயிரம் டிகிரி வெப்பம்; கண் தானாக அங்கேதான் போகும். "வெளிச்சத்தைப் பாக்காத, தண்ணியப் பாரு" என்று பின்னாலிருந்து குரல் வரும். தண்ணி என்று எங்கள் ஆசிரியர் சொன்னது, ஆர்க்குக்குக் கீழே உருகிக் கிடக்கும் சுண்டுவிரல் நகம் அகலக் குளத்தை. அதைப் பார்க்கக் கற்பதுதான் வெல்டிங். உற்றுப் பார்த்தால் அதில் இரண்டு திரவங்கள் இருக்கும். அடியில் உருகிய இரும்பு, பளபளவென்று இறுக்கமாக. அதன்மேல் ராடின் பூச்சு உருகி மிதக்கும் ஸ்லாக், சற்றுக் கலங்கலாக, பாலின்மேல் ஆடை நகர்வதுபோல. ஸ்லாக் எப்போதும் இரும்புக்குப் பின்னால்தான் வர வேண்டும். முந்திக்கொண்டு முன்னால் ஓடிவிட்டால் இரும்பு அதன்மேல் படுத்துக்கொள்ளும். மேலே அழகாக இருக்கும், உள்ளே மண்ணாங்கட்டி. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு மூன்று மாதம் ஆனது. அதுவரை என் கண்ணுக்கு அது ஒரே ஒரு நெருப்பு.

அந்தப் பூச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொடக்க காலத்தில் வெறும் கம்பியைத்தான் உருக்கினார்கள். காற்றுப் பட்டு இணைப்பு நொறுங்கும் தன்மையாகிவிடும். ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்கர் கெல்பெர்க் கம்பிக்குப் பூச்சுப் பூசினார். 1904-இல் அவர் தொடங்கிய ஈசாப் நிறுவனத்தின் பெயர் இன்றும் நம் பட்டறைகளில் ராடு டப்பாக்களின்மேல் இருக்கிறது. பூச்சு எரிந்து புகையாகிக் குளத்தைக் காற்றிலிருந்து மறைக்கும். உருகி ஸ்லாக்காகி, ஆறும் இரும்பைப் போர்த்திக்கொள்ளும். எரிந்துபோவதற்கும் உடைத்தெறியப்படுவதற்கும் என்றே பூசப்பட்ட ஒன்று. அதன்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

பொற்கொல்லர் பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பார். பேச்சிலும் நாம் பொடி வைத்துப் பேசுகிறோம். அங்கே நகையின் இரண்டு முனைகளும் உருகுவதில்லை. இடையில் வைத்த பொடி மட்டும் உருகி இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. வெல்டிங்கில் இரண்டு விளிம்புகளும் தாங்களே உருக வேண்டும். ஒரு பக்கம் உருகி, மறுபக்கம் வெறுமனே சூடாகி நின்றால், பார்ப்பதற்குச் சேர்ந்ததுபோல் இருக்கும். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் தெரியும். ஐ.டி.ஐ.யில் அதற்குப் பெண்டு டெஸ்ட் வைப்பார்கள். இணைத்த தகட்டிலிருந்து ஒரு பட்டையை வெட்டி, 'யு' எழுத்துப்போல வளைப்பார்கள். மேல்பக்கம் வெளியே வர ஒன்று, அடிப்பக்கம் வெளியே வர ஒன்று. வளைந்த முதுகில் விரிசல் இருக்கிறதா என்று எல்லோரும் குனிந்து பார்ப்போம். இரும்பு வளைகிற அந்தச் சில விநாடிகள் யாரும் பேசமாட்டோம்.

கையின் வேலையைச் சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே உவமை கோலம். மாவு விரலிடுக்கில் ஒரே சீராக இறங்க வேண்டும். கை தயங்கினால் புள்ளி பெருத்துவிடும், அவசரப்பட்டால் இழை அறுந்துவிடும். ராடும் அப்படித்தான், கூடவே இன்னொரு சங்கடமும் உண்டு. எரிய எரிய அது குட்டையாகிக்கொண்டே வரும். கை பக்கவாட்டில் நகர்ந்தபடியே, குட்டையாகும் அளவுக்குக் கீழேயும் இறங்க வேண்டும், அந்த மூன்று மில்லிமீட்டர் மாறாமல். இதை அளந்து செய்ய முடியாது. காதுதான் சொல்லும். இடைவெளி சரியாக இருந்தால் எண்ணெயில் வடை நிதானமாக வேகும் ஓசை. கூடிப்போனால் ஈர வடையைப் போட்டதுபோல் தெறித்துச் சீறும். நல்ல வெல்டர் பக்கத்து ஆளின் வேலையைத் திரும்பிப் பார்க்காமலே குறை சொல்லுவார்.

ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸாகப் போன பட்டறை துவாக்குடிப் பக்கம். சீனியர் வெல்டர் ஒருவரிடம் விட்டார்கள். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். என் சான்றிதழை வாங்கிப் பார்த்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார், சிப்பிங் சுத்தியலையும் கம்பி பிரஷ்ஷையும் கையில் தந்தார். ஒன்றரை மாதம் ராடைத் தொடவில்லை. எட்டுப் பேர் போட்ட ரன்களின், அதாவது வெல்டிங் வரிகளின், ஸ்லாக்கை உடைத்துத் துடைப்பதுதான் வேலை. அப்போது மனம் கசந்தது. இன்று திரும்பிப் பார்க்கையில், ரசனை என்று என்னிடம் ஏதாவது இருந்தால் அது அந்த ஒன்றரை மாதத்தில் வந்தது. ஒருவர் போட்டதில் ஸ்லாக் ஓரங்களில் கவ்விக்கொண்டு நிற்கும். உளி வைத்தால்தான் வரும். அங்கே அண்டர்கட் இருக்கும், விளிம்பு அரித்துப் பள்ளமாகி. இன்னொருவர் போட்டதில் பாதி வரும், பாதி வராது. அண்ணன் போட்டதில் சுத்தியலே வேண்டாம். ஆறும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். ஸ்லாக் முழுநீளத்துக்கும் தானே விட்டுக்கொடுத்து எழும்பும். விரலால் எடுத்தால் பல்லி வால்போல வளைந்து வரும். அதன் அடிப்பக்கம் கண்ணாடி வழவழப்பு. கீழே இரும்பில் அலை அலையாக, ஒவ்வோர் அலையும் முந்தையதன் அளவிலேயே, வரி விழுந்திருக்கும். ஒரு மாதத்தில், எந்த ரன் யார் போட்டது என்று பார்த்ததுமே சொல்ல என்னால் முடிந்தது.

ராடு கைக்கு வந்ததும் அவர் முதலில் கற்றுத் தந்தது அதைத் தொட்டுப் பார்க்க. பாய்லர் வேலைக்கு 7018 ராடு. அதன் எண்ணிலேயே விவரம் இருக்கிறது: முதல் இரண்டு இலக்கம் பலம், சதுர அங்குலத்துக்கு எழுபதாயிரம் பவுண்டு, ஒன்று என்றால் எல்லா நிலையிலும் போடலாம், எட்டு, பூச்சின் வகை. அந்தப் பூச்சு ஈரத்தை இழுக்கும். இழுத்தால் ஹைட்ரஜன் இரும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இணைத்த அன்று ஒன்றும் தெரியாது. ஒருநாள் கழித்து, இரண்டுநாள் கழித்து, யாரும் தொடாமலே விரிசல் விடும். அதனால் முந்நூறு டிகிரிக்கு மேல் ஓவனில் வாட்டி, பிறகு சூடாக்கிய பெட்டியில் வைத்து, தேவைக்கு ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். "நமுத்துப்போன முறுக்க சாமிக்கு வைப்பியாடா?" என்பார் அண்ணன், குளிர்ந்த ராடை எடுப்பவனைப் பார்த்து. அந்தப் பட்டறையில் ஓவன் பல நாள் வெறும் அலமாரியாகத்தான் நின்றது. அவர் தன் ராடுகளுக்காக மேலாளரோடு சண்டை போட்டு அதை மூட்டவைப்பார். ஆட்கள் நடுவே திரை கட்டவும் அங்கே மனம் வரவில்லை. பக்கத்து ஆளின் வெளிச்சம் விலாவில் அடித்து, ராத்திரி கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரியும். உருளைக்கிழங்கு வில்லையைக் கட்டிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பேன். பழகுநர்களை இப்படி விடுகிற முதலாளிகள்மேல் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. கண்ணை நம்பியிருக்கும் தொழிலில் கண்ணைக் காப்பாற்றாமல் என்ன கற்றுக்கொடுப்பது?

தகட்டைத் தரையில் கிடத்திப் போடுவது எளிது. குளம் இருந்த இடத்தில் இருக்கும். நிமிர்த்திவைத்தால் வழியும். கீழிருந்து மேலே போக வேண்டும், அப்போதுதான் ஆறிய இரும்பு ஒரு திண்டுபோல நின்று அடுத்த துளியைத் தாங்கும். தலைக்குமேல் போடும்போது தாங்க ஒன்றும் இல்லை. ஆர்க்கைக் குறுக்கி, குளத்தைச் சிறிதாக வைத்தால், இலைநுனியில் நீர்த்துளி தொங்குவதுபோல இரும்பு தன் பிடிமானத்திலேயே நிற்கும். சற்றுப் பெரிதானால் சட்டைக் காலருக்குள் விழும். என் கழுத்தில் மூன்று தழும்புகள் அந்தக் கணக்கைக் கற்ற இடங்கள். கடைசி நிலை 6ஜி. குழாயை நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து அசையாமல் மாட்டிவிடுவார்கள். சுற்றிவரும் ஒரே இணைப்புக்குள் கிடை, நிமிர்வு, தலைக்குமேல் எல்லாம் வந்துவிடும். ஒவ்வோர் அங்குலத்துக்கும் ராடின் சாய்வு மாறும், மணிக்கட்டு மாறும், மூச்சு மாறும். வலக்கை எட்டாத இடத்தில் இடக்கை. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகும் எங்கள் ஊர்ப் பையன்கள் அந்த ஒரு சோதனையைத் தேறத்தான் மாதக்கணக்கில் குழாய்த் துண்டுகளை எரிக்கிறார்கள்.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. பாய்லரில் குழாய்கள் நெருக்கமாக வரிசை கட்டி நிற்கும். சிலவற்றின் பின்பக்கத்துக்குக் கை போகும், தலை போகாது. அங்கே சின்னக் கண்ணாடியை வைத்து, பிம்பத்தைப் பார்த்துப் போட வேண்டும். பிம்பத்தில் கை எதிர்ப்பக்கம் நகரும். மூளை சொல்வதைக் கேட்டால் ராடு குழாயில் குத்தும். அண்ணன் அப்படிப் போட்டதை ஒருமுறை பார்த்தேன். இரண்டு குழாய்களுக்கு நடுவே தோளைச் செருகி, ஒருக்களித்துப் படுத்து, கண்ணாடிக்குள் கண்ணை வைத்துக்கொண்டு, ஏதோ பழைய பாட்டை மூக்கால் முனகியபடி. முடித்து எழுந்தவர் முதலில் கேட்டது டீ.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிரியமானது ரூட். குழாயின் உள்பக்கம் அமையும் முதல் ரன். டிக் எனப்படும் வெல்டிங் முறையில், ஆர்கான் வாயு சூழ, இடக்கையில் நிரப்புக் கம்பியும் வலக்கையில் டார்ச்சுமாகப் போடுவது. இரண்டு விளிம்புகளுக்கு நடுவே சாவித்துவாரம்போல ஒரு சிறு ஓட்டை திறக்கும். அதை மூடவிடாமலும் பெரிதாகவிடாமலும் முன்னே நடத்திக்கொண்டு போக வேண்டும். அதன்மேல் இன்னும் இரண்டு மூன்று ரன் வந்துவிடும், குழாயும் மூடிவிடும். பிறகு அதை யாரும் பார்க்கப் போவதில்லை, நீராவி மட்டும்தான். 500 மெகாவாட் நிலையத்தின் பாய்லரில் அந்த நீராவி, விரல்நகம் அளவு இடத்தில் நூற்றெழுபது கிலோவுக்கு அழுத்தும். வெப்பம் 540 டிகிரி. அப்படி ஆயிரக்கணக்கான இணைப்புகள். ஒன்றில் ஊசிமுனைத் துளை இருந்தால் போதும், நிலையத்தையே நிறுத்த வேண்டும்.

இப்போதெல்லாம் நாணயங்களைச் சரித்து அடுக்கியதுபோன்ற ரன்களைப் படமெடுத்துப் போடுகிறார்கள், வானவில் நிறத்தோடு. கண்ணுக்கு இனிமைதான். ஆனால் நான் முதலில் கேட்பது உள்பக்கம் எங்கே என்று. முகத்தை மட்டும் அழகாக்கக் கற்ற கைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

"ஆறு மணியில ஆரம்பிக்காத, ஆறு தாண்டி ஆரம்பி." அண்ணன் என் காதில் அதிகம் போட்ட வாக்கியம் இது. குழாயைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்வோம். அடிப்புள்ளி ஆறு மணி. அங்கே தொடங்கி இடப்பக்கமாகப் பாதி, வலப்பக்கமாகப் பாதி ஏறி, பன்னிரண்டில் சேர்ப்பது எல்லோருடைய வழக்கம். அடிப்புள்ளியில் குளம் தொய்யும். தொடக்கமும் அங்கேயே இருந்தால் இரண்டு பலவீனம் ஒரே இடத்தில் என்பது அவர் கணக்கு. ஆறைத் தாண்டி ஆறரைப் பக்கம் தொடங்குவார். மேலேயும் பன்னிரண்டுக்குச் சற்று முன்னாலேயே முடிப்பார். முடிக்கும் முன் தொடக்க நுனியைக் கிரைண்டரால் இறகு நுனிபோல் சீவிக்கொள்வார்.

என் முதல் 6ஜி சோதனை தோற்றது. மே மாதம். வெக்கை தாங்காமல் யாரோ ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டார்கள். எனக்கு இதமாக இருந்தது. ஆர்கானை அது அடித்துக்கொண்டு போனது தெரியவில்லை. எக்ஸ்ரே படத்தில் கடுகு சிதறியதுபோலத் துளைகள். அண்ணன் திட்டவில்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்து, துளைகள் எந்தப் பக்கம் கூடுதல் என்று காட்டி, காற்று எங்கிருந்து வந்தது என்று என்னையே சொல்லவைத்தார். நான் படம் படிக்கும் வேலைக்கு வந்ததன் தொடக்கம் அந்த அரைமணி நேரம்தான். இரண்டாம் முறை தேறினேன்.

எக்ஸ்ரே எடுப்பது பெரும்பாலும் ராத்திரியில், ஆட்கள் போனபின். காலையில் இருட்டறையில், வெளிச்சப் பலகையின்மேல் படங்களை ஒவ்வொன்றாக வைப்பேன். சிறு குழாயைச் சாய்வாக எடுப்பதால் இணைப்பு ஒரு முட்டை வளையமாக விழும். துளை என்றால் கறுப்புப் புள்ளி. டார்ச்சின் டங்ஸ்டன் நுனி ஒடிந்து உள்ளே போயிருந்தால் வெள்ளைப் புள்ளி. விளிம்பு உருகாமல் நின்றிருந்தால் பென்சிலால் இழுத்ததுபோல் நேர்க்கோடு. இவை எதுவும் இல்லாத படத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். சாம்பல் நிறம் இருக்கிறது. வளையம் முழுக்க ஒரே அடர்த்தியில், ஓரங்களில் கரைந்து, தாய் உலோகத்துக்குள் எங்கே முடிகிறது என்று தெரியாமல் போகும் சாம்பல். நல்ல ரூட்டின் படத்தை நான் தேவைக்கு அதிகமாகவே பலகையில் வைத்திருப்பேன்.

ஒவ்வோர் இணைப்பின் பக்கத்திலும் வெல்டரின் எண் இருக்கும், படத்திலும் விழும். அதைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, யார் கை என்று யோசித்துவிட்டு, விரலை எடுத்துச் சரிபார்ப்பது என் நெடுநாள் பழக்கம். அண்ணன் ஓய்வுபெற்று நாலைந்து வருடம் ஆகியிருக்கும். ஒருநாள் வந்த கட்டில் ஒரு படம். சீரான சாம்பல். தொடக்கத்தின் சிறு கனம் அடிப்புள்ளியில் இல்லை, ஆறைத் தாண்டி ஆறரையில். முடிப்பு பன்னிரண்டுக்கு முன்னால், இறகாகச் சீவிச் சேர்த்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பழைய படம் எப்படியோ கட்டில் கலந்துவிட்டதென்று தேதியைப் பார்த்தேன். முந்தின நாள் தேதி. விரலை எடுத்தேன். புது எண். பதிவேட்டில் தேடினேன்: இருபத்துமூன்று வயதுப் பையன், அண்ணனிடம் கடைசியாகப் பழகியவன்.